முன்பக்கத்தில் நாலு பெயர்

நவம்பர் 10, திங்கள்

என் பெயர் துளசிமணி. ஆறாம் வகுப்பு வரை படித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஷர்மிளா சொல்லிக்கொடுத்தாள். ஷர்மிளா என் மகள் மோகனப்பிரியாவோடு காலேஜில் படிக்கிற பெண். மோகனா போன மாதம் காய்ச்சலில் போய்விட்டாள்.

நேற்று ஷர்மிளாவும் எட்வின் என்று இன்னொரு பையனும் வீட்டுக்கு வந்தார்கள். அவனும் அதே கிளாஸ்தான். செருப்பைக் கழற்றும்போதே அவன் அவள் காதில் என்னவோ சொன்னான். அவள் சும்மா இரு என்று கண்ணைக் காட்டினாள்.

"என்ன கண்ணு, என்கிட்டச் சொல்லு" என்றேன்.

"இல்லீங்க ஆன்ட்டி, முக்குல கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்கல்ல, அதுல மோகனா பேருக்குப் பக்கத்துல பி.காம்னு போட்டிருக்குதுங்க" என்றான்.

"ஆமா."

"மோகனா பி.காம் இல்லீங்க ஆன்ட்டி."

ஃப்ளெக்ஸுக்குச் சொன்னது என் தம்பி தண்டபாணி. அன்றைக்கு அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என்னிடம் குனிந்து, மோகனா என்னக்கா படிச்சா என்று கேட்டான். காலேஜ் என்று சொன்னேன். அதுதான் வாயில் வந்தது.

அப்புறம் ஷர்மிளா படிப்பின் பெயரைத் தமிழிலேயே ஒரு பேப்பரில் எழுதித் தந்தாள். இன்டர்டிசிப்ளினரி ஸ்டடீஸ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதியில் மூச்சு வாங்கிற்று. மூன்று வருஷமாக என் பிள்ளை இதைத்தான் படித்திருக்கிறாள்.

வந்த காரியம் இது. அவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாடவேலை செய்ய வேண்டும். ஒரு டீ சர்ட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷர்மிளா அதன் சாயத்தைப் பற்றி எழுதுகிறாள். எட்வின் அது கப்பலேறிப் போகிற கதை. நந்தகோபால் என்று ஒரு பையன், அவன் சட்டம். மோகனாவுக்கு ஆள்.

"என்ன ஆள்?" என்றேன்.

"அந்தச் சட்டை எத்தனை பேரு கையில போகுது. அதுல ஒரு ஆளும்மா. அந்த ஆளு தினமும் என்னென்ன செய்யறாங்கன்னு அவங்களே எழுதணும். மோகனா உங்களத்தான் எழுதச் சொல்றேன்னு மேடம்கிட்டச் சொல்லியிருந்தா. இந்த நோட்டும் வாங்கி வெச்சிருந்தா" என்றாள் ஷர்மிளா.

மோகனா என்னிடமும் கேட்டாள். தீபாவளி வேலை முடியட்டும் என்று சொல்லியிருந்தேன். தீபாவளியும் முடிந்தது.

நான் எழுதித் தந்தால் மோகனா பாகம் சேர்ந்துவிடும். முன்பக்கத்தில் நாலு பெயரும் வரும். இல்லாவிட்டால் மூன்று பெயர்தான்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

காலையில் எழுந்தேன். வாசல் தெளித்தேன். சோறு ஆக்கினேன். கம்பெனி வண்டி வந்துவிட்டது. நாள் முழுக்க நின்றேன்.

இதைப் படித்து அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை. எட்வினிடம் அன்றைக்கே கேட்டேன், அப்போ நீங்களெல்லாம் தைக்கப் பழகுகிறீர்களா என்று. இல்லீங்க ஆன்ட்டி என்றான். சாயம் போடப் பழகுகிறீர்களா என்றேன். அதுவும் இல்லையாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்களாம். பார்த்த பிறகு என்ன என்று கேட்க நினைத்தேன். பையன் முகம் வாடியிருந்தது, விட்டுவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

பால்காரரிடம் கால் லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். இன்றும் மறந்துவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

தண்டபாணி வந்தான். கறி எடுத்து வந்திருந்தான். நான் ஆக்கவில்லை, அவனே கொண்டுபோய் அவன் வீட்டில் ஆக்கி, தூக்குப்போசியில் போட்டுக் கொடுத்தனுப்பினான்.

ஃப்ளெக்ஸைப் பற்றிச் சொன்னேன். பி.காம் இல்லையாமே என்றேன்.

"அப்பறம் என்னதான் படிச்சா?"

பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். அவன் பத்தாவது படித்தவன். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான்.

"அக்கா, இதப் போட்டிருந்தா ஃப்ளெக்ஸ் நம்ம ரோட்டத் தாண்டி பல்லடம் போயிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் இரண்டு பேரும் மோகனா போட்டோவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"பி.காம்னா நாலு பேருக்குப் புரியுமுன்னு போட்டேன்" என்றான். "அவளும் என்கிட்ட ஒருக்கா வெளக்கிச் சொன்னாக்கா. வண்டி ஓட்டிட்டு இருந்தேனா, காதுல விழுகல."

என்னிடமும் சொல்லியிருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வாள். எனக்கு ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. "எங்களுக்குன்னு தனியா ஒரு டிபார்ட்மென்ட் ரூமு இல்லம்மா. ஒவ்வொரு பீரியடுக்கும் ஒவ்வொரு கட்டடம். நடந்துட்டே இருக்கோம்" என்றாள். சாப்பிட்டுவிட்டு நட கண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 19, புதன்

கம்பெனியில் இன்று ஒரு தப்பு நடந்தது.

செக்கிங் என்றால் தைத்து வந்த பீஸை டேபிளில் விரித்துப் பார்ப்பது. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, இதெல்லாம் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பாக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போடுவோம். நல்ல பீஸ் மடிக்கப் போகும்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, "யாரு இந்த பண்டல் பாத்தது?" என்று கேட்டார். நான்தான். எல்லாப் பீஸிலும் அம்புக்குறி இருந்தது. ஒன்றுகூட நல்லது இல்லை என்று ஒதுக்கியிருந்தேன்.

"என்னக்கா தப்பு இதுல? எனக்குக் காட்டுங்க பாக்கலாம்."

விரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் நான் பார்க்கும்போது இருந்தது. சத்தியமாக இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போடுவார் என்று எதிர்பார்த்தேன். "பரவால்ல, ஸ்டிக்கர உரிச்சுருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்னோடு ஈஸ்வரியும் உட்கார்ந்து உரித்தாள். பக்கத்து டேபிளில் வேலை செய்கிறவள். "துளசி, சோறு உண்டியா இல்லியா நீ?" என்று கேட்டாள். உண்டேன் என்றேன்.

மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன்.

நவம்பர் 22, சனி

ஷர்மிளா வந்து நோட்டைப் படித்தாள். என் கையெழுத்து புரியாத இடத்திலெல்லாம் நானே படித்துக் காட்டினேன். ஃப்ளெக்ஸ் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா..."

"என்ன கண்ணு?"

"இது அந்த ஆளோட வேலை நாளு பத்தினதும்மா. எப்ப எழறாங்க, எவ்வளவு நேரம் நிக்கறாங்க, என்ன சாப்புடறாங்க, உடம்புக்கு என்ன பண்ணுது. நீங்க மோகனாவப் பத்தியே எழுதறீங்க."

"அவ படிப்புக்குத்தானே எழுதறேன்."

"அதாம்மா. அவதான் இதச் சேகரிக்கறா. அப்ப அவ இதுக்குள்ள வரக்கூடாது. கேமரா புடிக்கறவங்க போட்டோல வரமாட்டாங்கல்ல, அந்த மாதிரி."

கேமரா என்றதும் புரிந்த மாதிரி இருந்தது. அவள் போன பிறகு புரியவில்லை.

போகும்போது வாசலில் நின்று, "மோகனா இல்லாம எழுதிப் பாருங்கம்மா" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். ஸ்கூட்டியை எடுக்காமல் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

எழுந்தேன். வாசல் தெளித்தேன். இரண்டு டம்ளர் அரிசி போட்டேன். கம்பெனி. மத்தியானம் புளிச்சோறு. நின்றேன். முழங்கால் வலி. வந்தேன். படுத்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

எழுந்தேன். தெளித்தேன். இரண்டு டம்ளர் அரிசி. கம்பெனி. மீந்த சோறு. நின்றேன். வந்தேன்.

நவம்பர் 26, புதன்

நேற்று மாதிரியே. மீந்த சோற்றை ஈஸ்வரி வீட்டு நாய்க்கு வைத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

எழுந்தேன். யாரையும் எழுப்பவில்லை. கம்பெனி.

நவம்பர் 29, சனி

மத்தியானம் சாப்பிடும்போது ஈஸ்வரி பிடித்துக்கொண்டாள். நான் தூக்குப்போசிக்குப் பக்கத்தில் நோட்டை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் துளசி, காலேஜ் போறது யாரு, நீயா?"

"அந்தப் புள்ளைங்க கேட்டாங்க."

"கேப்பாங்க. அவங்களுக்கு மார்க்கு வேணும். உம்புள்ள போயிட்டா, அவ பாகத்த யாரு செய்யறதுன்னு ஆளு பாத்தாங்க, நீ கெடச்ச. நாள் பூரா நின்னுட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதறியே, உனக்குக் கிறுக்கா?"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிக்கொண்டே அவளுடைய முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தாள்.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்படியும் இருக்குமோ. வீட்டுக்கு வந்ததும் ஷர்மிளாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். நான் எழுதாவிட்டால் உங்களுக்கு மார்க் குறையுமா என்று.

"குறையாதும்மா" என்றாள். "மூணு பாகமே போதும், மூணு பேருக்கும் மார்க் போட்டுக்கலாம்னு மேடம் அப்பவே சொல்லிட்டாங்க. நாங்கதான் கேட்டோம்."

"எதுக்குக் கேட்டீங்க?"

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அட்டையில அவ பேரு இல்லாம பிரின்ட் எடுக்க முடியலம்மா" என்றாள்.

சரி. அப்போ பெயருக்காகத்தான். அதற்குத்தான் நானும் எழுதுகிறேன். மறுபடியும் எழுதுவேன்.

டிசம்பர் 1, திங்கள்

எழுந்தேன். சோறு ஆக்கினேன், ஒன்றரை டம்ளர். கம்பெனியில் புது ஆர்டர், குழந்தைகள் சட்டை. சின்னதாக இருப்பதால் விரிக்க நேரம் ஆகாது, ஆனால் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது. ஒரு பண்டலுக்கு இரண்டு மூன்றுதான் அம்புக்குறி ஒட்டினேன். ஒட்டியதெல்லாம் உண்மையிலேயே ஓட்டை. ஈஸ்வரியிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு காலேஜுக்குப் போனேன். பிருந்தா மேடம் வரச் சொல்லியிருந்தார். இந்தப் படிப்புக்கு அவர்தான் பொறுப்பு. முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"அம்மா, நீங்க எழுதினத ஷர்மிளா போன்ல போட்டோ எடுத்து வந்து கொஞ்சம் படிச்சுக் காட்டினா. இது கட்டாயம் சேரும். இந்த வேலையிலயே இதுதான் எனக்கு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அப்புறம் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி மூடித் திறந்தார். "ஆனா பேருல ஒரு சிக்கல் இருக்கும்மா."

மோகனா பதிவெண்ணை எடுத்துவிட்டார்களாம். இறந்துபோனால் எடுத்துவிடுவார்களாம், அது வழக்கமாம். பதிவெண் இல்லாத பெயரை முன்பக்கத்தில் போட்டால் அந்த வேலையையே வாங்கமாட்டார்களாம். மேலே கேட்டுப் பார்த்தாராம், எழுதியும் கேட்டாராம். முடியாது என்று வந்துவிட்டது.

"பாகம் இருக்குது. பேரு மட்டும் இல்ல. அப்படித்தானுங்க?"

"ஆமாம்மா."

"அப்ப அந்தப் பாகத்த யாரு செஞ்சதுன்னு போடுவீங்க?"

என்னைக் கூட்டிவந்த எட்வின் வாசல்கிட்ட நின்றுகொண்டு ஷூவைப் பார்த்தான்.

"முன்னாடி ஒரு நன்றிப் பக்கம் வைக்கலாம்" என்றார் மேடம். "மோகனா போட்டோ போட்டு, நினைவாகன்னு போட்டு, நன்றின்னு..."

"வேண்டாமுங்க. நன்றி சொல்றதுக்கு அவ என்ன வெளியாளுங்களா?"

அதட்டிப் பேசிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் மேல் தப்பு இல்லை. வெளியே வரைக்கும் கூடவே வந்தார். வழியில் ஒவ்வொரு கட்டடமாகக் கையைக் காட்டினார். இங்கே திங்கட்கிழமை வரலாறு, அங்கே புள்ளியியல், அந்தப் பக்கம் சுற்றுச்சூழல். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நல்ல தூரம். நடுவில் மரம் இல்லை, வெயில்தான். என் பிள்ளை குடை கொண்டுபோகமாட்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

இனி எழுத வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். தண்டபாணி வந்தான். முன்பக்கத்தில் பெயர் வராது என்று சொன்னேன்.

"அப்பறம் எதுக்கு நோட்டக் குடுக்கற? எடுத்து உள்ள வைக்கா. நம்மளுது நம்மகிட்ட இருக்கட்டும்."

அவன் சொல்வதும் சரிதான். பேசாமல் பீரோவில் வைத்தேன். மத்தியானம் எடுத்தேன். திரும்ப வைத்தேன். நான் கொடுக்காவிட்டால் சட்டைக்குச் சாயம் இருக்கும், கப்பல் இருக்கும், சட்டம் இருக்கும், ஆள் இருக்காது. மோகனாவுக்குப் பெயரும் இருக்காது, பாகமும் இருக்காது. கொடுத்தால் பாகமாவது இருக்கும், ஆனால் அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. இதில் எது அவளுக்குப் பிடிக்கும் என்று யாரிடம் கேட்பது. ஷர்மிளாவிடம் போனில் கேட்டேன். அவள் அழுதாள்.

எதுவும் விளங்கவில்லை. ஆனால் நோட்டு வாங்கியது அவள். காலி நோட்டாக வைத்துக்கொள்ள வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொடுத்துவிடுவேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலேஜில் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷர்மிளா டைப் அடித்து முடித்து, பிரின்ட் எடுக்கப் போயிருக்கிறாள். நான் படிக்கப் படிக்க அவள் அடித்தாள். மோகனா வருகிற இடமெல்லாம் எடுக்க வேண்டுமா என்று பிருந்தா மேடத்திடம் கேட்டாள். அவர் பக்கத்து மேஜையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். "அம்மா எழுதின மாதிரியே இருக்கட்டும்" என்றார். அந்த மூன்று நாலு நாள், எழுந்தேன் வந்தேன் என்று மட்டும் எழுதினேனே, அதைப் படிக்கும்போதுதான் எட்வின் எழுந்து வெளியே போனான்.

எல்லாம் முடிந்த பிறகு ஷர்மிளா, "இன்னும் ஒண்ணு இருக்கும்மா. உங்க பேர மாத்தணும்" என்றாள்.

"ஏன் கண்ணு? நான் ஏதாவது தப்பா எழுதிட்டனா?"

"தப்பு இல்லம்மா. எழுதினவங்களோட நிஜப் பேரப் போடக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நாளைக்குக் கம்பெனில இதப் பாத்துட்டு யாரும் உங்களக் கேள்வி கேட்டுறக்கூடாதுல்ல. எல்லா ஆய்வுலயும் அப்படித்தான். வேற ஒரு பேரு வெச்சு, பக்கத்துல பெயர் மாற்றப்பட்டுள்ளதுன்னு போட்டுருவோம்."

"யாரு பேரு?"

"யாரு பேரு வேணாலும். நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

ஒரு ரூமில் என் பிள்ளை பெயரைப் போடக்கூடாது என்கிறார்கள். அடுத்த ரூமில் என் பெயரைப் போடக்கூடாது என்கிறார்கள். முதலில் எனக்கு எல்லாம் குழம்பிப்போயிற்று. ஷர்மிளா கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மோகனப்பிரியான்னு போடு" என்றேன்.

விரல் அசையவில்லை. மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேடம் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. சிவப்புப் பேனா மட்டும் ஒரே இடத்தில் நின்றது.

"எழுதினவங்க சொல்ற பேரு" என்றார். "நாம மாத்த முடியாது. அதுவும் விதிதான்."

ஷர்மிளா அடித்தாள். ஒரே தட்டில் எல்லாப் பக்கத்திலும் மாறிவிட்டது. ஈஸ்வரி சோறு உண்டியா என்று கேட்கிற இடத்தில்கூட மோகனா என்று வந்துவிட்டது. அவள் பெயர் ஏற்கெனவே இருந்த இடங்களில் இனி மகள் என்று இருக்கும் என்று ஷர்மிளா சொன்னாள். இரண்டு மோகனா இருந்தால் படிக்கிறவர்களுக்குக் குழம்பும் என்றாள். எனக்குக் குழம்பவில்லை.

கடைசியில் அந்த ஆளைப் பற்றி நாலு வரி எழுத வேண்டுமாம். அவளே அடித்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "மோகனப்பிரியா. பெயர் மாற்றப்பட்டுள்ளது. வயது நாற்பத்தாறு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சொந்த ஊரு?"

"அவிநாசி."

"உடம்புக்கு ஏதாவதுன்னு போடலாம்மா. நின்னுட்டே வேலை செய்யறதால."

"கால்ல நரம்பு சுருண்டிருக்குன்னு போடு. முழங்கால் வலி உண்டுன்னு போடு."

போட்டாள்.

"பாதித் தலை நரைச்சிருச்சுன்னு போடு கண்ணு."

"அது தேவைப்படாதும்மா."

"இருக்கட்டும், போடு."

போட்டாள்.